மலைக்கு மருந்து வந்த வழி

2022ஆம் வருஷம் நடுப்பகுதி. அம்மாயியை மாசக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பிரஷர், சீனி வருத்தம், ரெண்டுக்கும் சேர்த்து அஞ்சு வகைக் குளிசை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அந்த வருஷம் இலங்கையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இதே கதைதான். விடியக்காலை அஞ்சு மணிக்குத் தோட்டத்திலிருந்து இறங்கி, ரெண்டு பஸ் மாறி, நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு வந்தோம். அஞ்சில் ரெண்டு வகைதான் இருந்தது. அதுவும் ஒரு வாரத்துக்கு. மிச்சத்துக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார்கள், வெளியே பாமசியில் எடுக்கச் சொல்லி.

பாமசியில் ஒரு மாசத்துக்குக் கணக்குப் பார்த்தால் 1,840 ரூபா. அப்போது தோட்டத்தில் ஒருநாள் பேருக்கு 1,000 ரூபா. அம்மாயி கணக்கில் கெட்டி. மூன்றில் ஒன்றை வேண்டாமென்று தள்ளிவிட்டு, மற்ற ரெண்டையும் பத்து நாளுக்கு அளவாக அட்டையை வெட்டித் தரச் சொன்னார். எதைத் தள்ளலாம் என்று யாரிடமும் கேட்கவில்லை. விலை கூடினதைத் தள்ளினார், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாயி சொன்னது: "எங்க பாட்டன் காலத்துல துண்டு இல்லாம தோட்டத்த விட்டுப் போக ஏலாது. இப்ப துண்டு இல்லாம ஆஸ்பத்திரிய விட்டு வர ஏலாது."

அந்தப் பழைய துண்டு என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்கலாம். ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாறவேண்டும் என்றால் அவர் பேரில் எவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவோம் என்று எழுதிய சீட்டு ஒன்று வேண்டும். கடனோடு ஆளையும் கைமாற்றுகிற முறை. 1921இல்தான் அதைச் சட்டத்தால் நிறுத்தினார்கள். அம்மாயி சும்மா நக்கலுக்குத்தான் சொன்னார். ஆனால் ரெண்டு துண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. வேறு யாரோ தீர்க்கவேண்டிய கணக்கை, வரிசையில் கடைசியாக நிற்கிற ஆளின் கையில் கொடுத்துவிடுகின்றன.

இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. மருந்து விநியோகச் சங்கிலி, நெறிமுறையான கொள்வனவு என்றெல்லாம் கொழும்பு ஹோட்டல்களில் செயலமர்வு நடக்கிறது. அதை ஊவா மலையிலிருந்து, 150 வருஷம் பின்னால் போய்ப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று எழுதிப்பார்க்கிறேன்.

முதலில், நம்ம மலைகளே ஒரு காலத்தில் மருந்து விளைந்த மலைகள்.

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்குகிற ரோட்டில், ஊவா எல்லைக்குக் கிட்ட, ஹக்கலைப் பூந்தோட்டம் இருக்கிறது. ஸ்கூல் ட்ரிப்பில் எல்லாரும் போயிருப்போம். ரோசாப்பூவுக்கும் குரங்குக்கும் பேர்போன இடம். 1861இல் அதைத் தொடங்கியது பூவுக்காக இல்லை, சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்க. சிங்கோனா தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில் பிறந்த மரம். அதன் பட்டையில் இருந்துதான் கொய்னா எடுப்பார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு அந்தக் காலத்தில் வேறு மருந்து கிடையாது. கொய்னா இல்லாமல் ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் அத்தனை சீக்கிரம் பிடித்திருக்க முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லுவார்கள். அதனால் பிரிட்டிஷ்காரர்களும் ஒல்லாந்தரும் அந்த மரத்தின் விதைகளை எப்படியாவது அந்தீஸிலிருந்து வெளியே கொண்டுவரப் பாடுபட்டார்கள்.

1869இல் கோப்பிச் செடிக்கு இலைநோய் வந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி அழிந்துபோச்சு. கோப்பி போனதும் உடனே தேயிலை வந்துவிட்டது என்றுதான் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். நடுவில் ஒரு சின்ன அத்தியாயம் விடுபட்டுப்போகிறது. கடனில் மூழ்கின தொரைமார் பலரும் முதலில் ஓடிப்போய் நட்டது சிங்கோனா. 1880களின் நடுவில் இலங்கையிலிருந்து ஒரே வருஷத்தில் 1 கோடியே 50 இலட்சம் இறாத்தலுக்கு மேல் பட்டை ஏற்றுமதியானது. மரத்தை வெட்டி, பட்டையை உரித்து, காயவைத்து, மூட்டை கட்டினது யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மூட்டைகள் லண்டன் ஏலத்துக்குப் போயின. கொய்னாவாக மாறினது அங்கே, தொழிற்சாலைகளில்.

இவ்வளவு பட்டை ஒரேயடியாகச் சந்தைக்குப் போனதும் விலை படுத்துவிட்டது. அதே நேரம் ஜாவாவில் ஒல்லாந்தரிடம் இன்னும் நல்ல ரக மரம் இருந்தது. அதன் கதை கொடுமையானது. பொலிவியாவில் மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர், கொய்னாச் சத்து கூடின மரங்களைத் தேடிக் கண்டுபிடித்து, சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரிக்காக விதை சேகரித்தார். லெட்ஜர் அதை 1865இல் ஒல்லாந்தருக்கு விற்றார். மமானியைப் பொலிவிய அதிகாரிகள் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள். வெளியே வந்து கொஞ்ச நாளில் அவர் செத்துப்போனார். அந்த விதையில் வந்த மரத்துக்குப் பெயர் லெட்ஜரியானா. மமானியின் பெயர் எந்த மரத்துக்கும் இல்லை.

ஜாவா ரகத்தோடு நம்ம மலைப் பட்டை போட்டிபோட முடியவில்லை. தொரைமார் சிங்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். 1913இல் ஒல்லாந்துத் தோட்டக்காரர்களும் கொய்னாத் தொழிற்சாலைக்காரர்களும் சேர்ந்து விலையைத் தாங்களே வைக்கிற ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். 1930களில் உலகச் சிங்கோனாப் பட்டையில் 90 சதவீதத்துக்கு மேல் ஜாவாவிலிருந்துதான் வந்தது. ஒரு மருந்து, ஒரு தீவு, ஒரு விலை. இன்றைக்கு ஒரே நாட்டில், ஒரே தொழிற்சாலையில் செய்கிற மூலப்பொருளை நம்பி உலகமே இருக்கிறது என்று பேசுகிறோமே, அது புதுசு இல்லை.

அதே காலத்தில் தோட்டத்துக்குள்ளே என்ன மருந்து இருந்தது? ஆரம்பத்தில் தொரை பங்களாவில் ஒரு மருந்துப் பெட்டி இருக்கும். கொய்னா, விளக்கெண்ணெய், பேதி உப்பு, குளோரோடைன். கடைசியில் சொன்னது அபினும் குளோரோபோமும் கலந்த கஷாயம், வயிற்றோட்டத்துக்குக் கொடுப்பார்கள். தொரைதான் டாக்டர். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்து நாக்கைப் பார்த்து அளந்து ஊற்றுவது. யாருக்கு உண்மையில் வருத்தம், யார் வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறார் என்று தீர்மானிப்பதும் அவர்தான். மருந்து கொடுக்கிறவரும் பேர் போடுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் மருந்து எதற்காகக் கொடுக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து நடந்து வந்த வழியிலும், தோட்டங்களிலும் ஆட்கள் சாகிற எண்ணிக்கை இந்திய அரசாங்கத்தின் காதுவரை போனபிறகுதான் 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவம் பார்ப்பது முதலாளியின் பொறுப்பு என்று எழுதிவைத்த சட்டம். எழுதிவைத்ததோடு சண்டையும் தொடங்கியது. சண்டை நோயைப் பற்றி இல்லை, செலவைப் பற்றி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தோட்டத்துக் கணக்கில் செலவு ஏறும். அதனால் கடைசி நேரம்வரை அனுப்பமாட்டார்கள். கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கும்போது ஆள் முடிந்திருப்பார். பிறகு ஏற்றுமதிப் பயிர் மேல் வரி போட்டு அந்தக் காசில் அரசாங்கமே மாவட்ட ஆஸ்பத்திரிகளை நடத்துவது என்று மாற்றினார்கள். 1912இல் சட்டத்தைத் திரும்ப எழுதினார்கள். சொந்தமாக ஆஸ்பத்திரியோ டிஸ்பென்சரியோ வைத்து நடத்துகிற தோட்டத்துக்கு வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

இன்றைக்கு பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் பழைய தோட்டங்களில் நிற்கிற கருங்கல் டிஸ்பென்சரிகள் அந்த ஏற்பாட்டின் வாரிசுகள். நல்லது நடக்கவில்லை என்று சொல்லவில்லை. எத்தனையோ பேர் அந்தக் கட்டிடத்தில் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் அடித்தளத்தைப் பாருங்கள். கொழுந்து பறித்தவளின் உழைப்பில் தேயிலை, தேயிலை மேல் வரி, வரியில் மருந்து. அந்த மருந்தை அவளுக்குக் கொடுக்கும்போது அது தோட்டம் போட்ட தர்மம் மாதிரி ஆகிவிட்டது. "தொர மருந்து குடுத்தாரு" என்றுதான் நம்ம பெரியவங்க இன்னமும் சொல்லுவாங்க.

1934-35இல் இலங்கையில் மலேரியாக் கொள்ளைநோய் வந்தது. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி, நுளம்பு பெருகி, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம்தான் மோசம். மேட்டுத் தோட்டங்களுக்கு அந்த நுளம்பு ஏறுவது குறைவு. அரசாங்கம் தடுமாறினபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொய்னாவும் பருப்பும் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அவர்களில் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு டாக்டர் இருந்தார், எஸ்.ஏ. விக்கிரமசிங்க. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம மாகாணத்துக்காரர் ஒருவரைப் பற்றி. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை தாண்டி இறங்கினால் பிபிலை. இப்போது மொனராகலை மாவட்டம், ஆனாலும் ஊவாதான். அந்த ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920 பெப்ரவரி 13இல் பிறந்தவர். பெரிய வளவுக் குடும்பம், கண்டி திரித்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, எடின்பரோவில் கலாநிதிப் பட்டம். நாட்டின் முதல் மருந்தியல் பேராசிரியர். கூடவே சமசமாஜி. அவரைப் பற்றி சிங்களத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். தமிழில், அதுவும் மலையகத்தில், அவர் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். எனக்கே காம்பஸ் போனபிறகுதான் தெரியும்.

பிபிலே கேட்டது எளிமையான கேள்வி. ஒரே மருந்தை இருபது கம்பனி இருபது பெயரில், இருபது விலையில் விற்கும்போது, ஒரு ஏழை நாடு எதற்காக இருபதையும் இறக்குமதி செய்யவேண்டும்? வைத்தியர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று சொல்லிக்கொடுப்பது யார், பேராசிரியரா, கம்பனி ஏஜண்டா? 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி ஆட்சிக்கு வந்ததும் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மேலே சொன்ன டாக்டர் விக்கிரமசிங்க அப்போது கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். ரெண்டுபேரும் சேர்ந்து 1971இல் இலங்கையின் மருந்து நிர்வாகம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். கொய்னா தூக்கிக்கொண்டு நடந்த ஆள், 36 வருஷம் கழித்து, மருந்து எப்படி நாட்டுக்குள் வரவேண்டும் என்று எழுத உட்கார்ந்தார்.

அதே வருஷம் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. முதல் தலைவர் பிபிலே. நாட்டில் புழங்கின சுமார் 2,100 மருந்து வகைகளை நிபுணர் குழு ஒன்று சலித்துச் சுமார் 600க்குக் குறைத்தது. வியாபாரப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் வாங்குவது, உலகம் முழுக்க டெண்டர் கேட்டுத் தரமானதில் விலை குறைந்ததை எடுப்பது, தனியார் இறக்குமதியைக் கூட்டுத்தாபனத்தின் கைக்குக் கொண்டுவருவது, உள்ளூரில் குளிசை அடிக்கிற கம்பனிகளுக்கு மூலப்பொருளைக் கூட்டுத்தாபனமே மலிவாக வாங்கித் தருவது. வைத்தியர்களுக்கு விளம்பரக் கலப்பில்லாத ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கிற ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைகள்தான்.

கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. தரமில்லாத மருந்து என்று பிரசாரம் நடந்தது. வைத்தியர்களிலும் ஒரு பகுதி எதிர்த்தது. எல்லாவற்றிலும் பெரிய மோதல் டெட்ராசைக்கிளினில் வந்தது. 1974 வாக்கில் நாட்டில் வாந்திபேதி பரவியது. டெட்ராசைக்கிளின் அவசரம். உள்ளூரில் கெப்சூல் செய்கிற வசதி ஃபைசர் கம்பனியிடம் இருந்தது. கூட்டுத்தாபனம் வேறிடத்தில் மலிவாக வாங்கிவைத்திருந்த மூலப்பொருளில் கெப்சூல் செய்து தரும்படி கேட்டது. கம்பனி செய்யவில்லை. கடைசியில் கூடுதல் விலை கொடுத்து விமானத்தில் மருந்தை வரவழைக்க வேண்டியதாச்சு. அந்தத் தொழிற்சாலையை அரசுடைமை ஆக்கவேண்டும் என்று பேச்சு வந்தபோது அமெரிக்கத் தூதுவரே நேரடியாகப் பிரதமரிடம் போய்ப் பேசினார். பேச்சு அதோடு நின்றது. இதையெல்லாம் பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்து 1977இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதி வைத்துவிட்டார்கள். அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

1975இல் சமசமாஜக் கட்சி கூட்டணியிலிருந்து வெளியேற்றப்பட்டது. பிபிலேயின் பிடியும் தளர்ந்தது. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி வாசல் திறந்தது. அதே வருஷம் செப்டம்பர் 29ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் வேலையாகக் கயானாவுக்குப் போயிருந்த இடத்தில் பிபிலே இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே 1977இல்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1982இல் வங்காளதேசம் சஃப்ருல்லா சௌத்ரி போன்றவர்களின் முயற்சியில் இதே பாதையில் ஒரு மருந்துக் கொள்கை கொண்டுவந்தது. இலங்கையில் பிபிலே கேட்டமாதிரி மருந்துகளுக்கென்று தனி அதிகாரசபை வர 2015ஆம் வருஷம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிபிலேயைப் புகழ்ந்துவிட்டு அப்படியே போய்விடலாம். ஆனால் மலையகத்திலிருந்து வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. இந்த நல்ல கொள்கை நடந்த அதே வருஷங்களில்தான் தோட்டங்களில் பஞ்சம். 1973, 1974இல் மாவும் அரிசியும் இல்லாமல், கீரையும் கிழங்கும் தின்று, லயங்களில் ஆட்கள் செத்தார்கள். பதுளை டவுனுக்கு வந்து பிச்சையெடுத்த கதையை அம்மாயி சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் பங்குபோடப்பட்டு, யார் போவது யார் இருப்பது என்று தெரியாமல் நின்ற சனம். மருந்துப் பட்டியலைச் சீராக்கினது அரசு. டிஸ்பென்சரிக்கு அந்த மருந்தைக் கொண்டுவர வேண்டியது தோட்ட நிர்வாகம். நாட்டின் இலவச சுகாதாரம் ஒரு பக்கம், தோட்டத்து மருத்துவம் இன்னொரு பக்கம். சங்கிலி நல்ல சங்கிலிதான், நம்ம லயத்துக்கு வரும் வளையம் மட்டும் அதில் கோர்க்கப்படவில்லை. இதைப் பிபிலேயின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடதுசாரிகளும் தேசியக் கொள்கை என்று சொல்லும்போது தேசத்தில் யாரையெல்லாம் எண்ணினார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

1992இல் தோட்டங்கள் திரும்பக் கம்பனிகளின் கைக்குப் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு எடுக்கும் என்று 90களிலிருந்து சொல்கிறார்கள். சிலவற்றை எடுத்தார்கள். பல டிஸ்பென்சரிகள் இன்னும் தோட்டத்தின் கையில். ஓய்வுபெற்ற ஐயாவின் இடத்துக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடப்பவையும் உண்டு.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். பிபிலேயின் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள் மாதிரி இருக்கும். பொதுப்பெயரில் மட்டும் கொள்வனவு. டெண்டரில் தொழில்நுட்பத் தகுதியை முதலில் பார்த்துவிட்டு, தேறினவர்களின் விலையை மட்டும் பிரிப்பது. வந்த ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, கம்பனிப் பெயரை மறைத்து, வெளி ஆய்வுகூடத்தில் சோதித்தபிறகே வெளியே விடுவது. மாவட்டத்துக்கு மாவட்டம் களஞ்சியம். எனக்குப் பிடித்தது பாஸ்புக் முறை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வங்கிப் புத்தகம் மாதிரி ஒரு புத்தகம். அவர்களுக்கு ஒதுக்கின தொகை அதில் இருக்கும், எடுக்கிற மருந்தின் பெறுமதி கழியும். எது வேண்டும் என்று கொழும்பிலோ சென்னையிலோ இருக்கிறவர் தீர்மானிப்பதில்லை, அந்த நிலையத்து வைத்தியரே கேட்டு எடுக்கிறார். ஒரு தோட்ட டிஸ்பென்சரிக்கு இப்படி ஒரு புத்தகம் இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ராஜஸ்தானும் கேரளமும் இதைப் பார்த்துச் செய்தன. அங்கேயும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் புத்தகம் என்று ஒன்று இருந்தால் குறையை எழுத்தில் காட்டலாம்.

இனி 2022. இலங்கையில் பாவிக்கிற மருந்தில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. டொலர் இல்லை என்றால் மருந்து இல்லை. மார்ச் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. இந்தியா கொடுத்த 100 கோடி டொலர் கடன் வசதியில் மருந்தும் வந்தது. தமிழ்நாட்டு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, 137 வகை மருந்து அனுப்புவதாக அறிவித்து, மே 18ஆம் திகதி முதல் கப்பலை அனுப்பியது. நம்ம லயங்களில் அந்த அரிசி மூட்டையைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

டொலர் யார் கொண்டுவந்தது என்பதையும் சொல்லவேண்டும். அப்போது தேயிலை வருஷத்துக்குச் சுமார் 130 கோடி டொலர் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் ஈரானுக்குக் கொடுக்கவேண்டிய எண்ணெய்க் கடனைத் தேயிலையாகவே கட்டுவதாக ஒப்பந்தம் போட்டார்கள். கொழுந்துக்குக் கடன் தீர்க்கிற சக்தி இருக்கிறது என்று நாடே ஒத்துக்கொண்ட நேரம் அது. அந்தக் கொழுந்தைப் பறித்த கை மருந்து ஜன்னலில் நீண்டபோது துண்டுதான் கிடைத்தது. சிங்கோனாப் பட்டை உரித்தவர்களுக்கும் இதேதான்.

தட்டுப்பாடு வந்தால் அவசரக் கொள்வனவு என்று ஒரு வாசல் திறக்கும். அந்த வாசலில் பதிவும் சோதனையும் தளரும். 2023இல் நோயெதிர்ப்புப் புரத ஊசிமருந்து என்று ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கப்பட்டது போலி என்று தெரியவந்தது. போலி ஆவணங்களைக் காட்டி, வெளிநாட்டு மருந்து என்று சொல்லி அரசுக்கே விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதானார். வழக்கு விவகாரத்தை நீதிமன்றம் பார்க்கட்டும். எனக்குப் பட்டது வேறு. வரலாற்றில் ஒவ்வொரு முறையும், 1880களிலும் 1974லும் இப்போதும், மருந்து அவசரமாகிறபோது விலையைத் தீர்மானிக்கிற அதிகாரம் கைமாறுகிறது. அதனால் கையிருப்புக் கணக்கை அவசரம் வருமுன் யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் நெறிமுறை என்று சொல்கிற விஷயம் இருக்கிறது. எந்த மருந்து எத்தனை மாசத்துக்கு இருக்கிறது என்று மாவட்டம் மாவட்டமாக ஒரு பலகையில் எழுதிப்போட்டால் என்ன? முடிந்தால் மூன்று மொழியிலும்.

மொழி என்றதும் அம்மாயிக்கு வருகிறேன். இப்போது கிளினிக்கில் மருந்து பரவாயில்லை, பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனால் டெண்டர் மாறும்போது கம்பனி மாறும், கம்பனி மாறினால் குளிசையின் நிறம் மாறும். பொதுப்பெயர் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். பிபிலே இருந்தாலும் அப்படித்தான் வாங்கியிருப்பார், அதில் தப்பில்லை. ஆனால் உறையில் எழுதியிருப்பது சிங்களத்திலோ இங்கிலீஷிலோ. அம்மாயி படிப்பது நிறத்தை. போன தைமாசம் வெள்ளைக் குளிசை ரோஸ் ஆகிவிட்டது. இது புது மருந்து என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் மிச்சமிருந்த வெள்ளையையும் இந்த ரோஸையும் சேர்த்து நாலு நாள் போட்டிருக்கிறார். தலைசுற்றி குசினியில் உட்கார்ந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஜன்னலில் இருந்த தங்கச்சியிடம் அடுத்தமுறை சொன்னேன். அவர் சிங்களப் பிள்ளை, கொஞ்சம் தமிழ் பேசுவார். பேனையை எடுத்து ஒவ்வொரு உறையிலும் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்தார். பழைய குளிசையைக் கொண்டுவரச் சொல்லி, வாங்கிப் பார்த்து, ரோஸ் உறையின் மூலையில் ஒரு வெள்ளைக் குளிசையை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். "ஆச்சி, மே தெக்கம எக்கய், ரெண்டும் ஒண்ணு" என்றார். அந்த உறையை அம்மாயி இன்னமும் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.